நான் விழுங்கிய 'யே'

மேகலா,

இதை உட்கார்ந்து படி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒரு கையில் போனைப் பார்க்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும். பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிடுவேன். அந்த விட்டுவிடுகிற புத்தியால்தான் இவ்வளவு வம்பும். அதனால் எழுதுகிறேன். உன் பழைய ரெக்கார்டு நோட்டில் எழுதாமல் கிடந்த கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். முடித்ததும் உங்கப்பா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். இன்று புதன். வெள்ளிக்கிழமை நீ அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை உன் மெசேஜ் வந்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அம்மா, போதும்மா. ஆகஸ்டோட இங்க கான்ட்ராக்ட் முடியுது. எலக்ட்ரானிக் சிட்டில அந்தத் தண்ணி டெஸ்டிங் கம்பெனிக்கு சரின்னு சொல்லிடறேன். எனக்கு ஆராய்ச்சி வராதும்மா. சாரே பரவாயில்லன்னு சொல்லி விட்டுட்டார், அதுக்கு மேல என்ன இருக்கு? வந்துடறேன்." இவ்வளவு எழுதியிருந்தாய். என் கண்ணுக்குத் தெரிந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். அதையே நாலு தரம் படித்தேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, உன் கட்டில் மேலிருந்த அரிசி மூட்டையை ஒரே ஆளாக இறக்கினேன். நீ நெதர்லாந்து போன இந்த மூன்று வருஷமாக அந்தக் கட்டில் கட்டிலாகவே இல்லை. தலையணைகளை வெயிலில் போட்டேன். எதிர்வீட்டுக்காரி என்ன விசேஷம் என்று கேட்டாள், சொன்னேன். பத்து மணிக்குள் ஒக்கலிபுரத்தில் நம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நீ வரப்போகிறாய் என்று சொல்லச் சொல்ல எனக்கு வாய் இனித்தது.

உங்கப்பா அப்போதுதான் நடந்துவிட்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரமாகப் பிடித்து, உன் மெசேஜை முதல் வார்த்தையிலிருந்து படித்தார். அவர் ரயில்வேயில் இருந்த மனுஷன். ஒரு தாளைக் கையில் வாங்கினால் முழுக்கப் படிக்காமல் கொடுக்க மாட்டார். படித்து முடித்து என்னைப் பார்த்தார். "இன்னா இது, சாரே விட்டுட்டார்னு எழுதிக்கிறா?" என்றார். நான் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தேன். "அன்னிக்கு மல்லேஸ்வரத்துல நானும்தானே நின்னுகினு இருந்தேன். அவர் சொன்ன மாதிரியேவா நீ இவகிட்ட சொன்ன?" என்றார். நான் அடுத்த தலையணையை எடுத்துத் தட்டினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷன் என்னை அதட்டியதே இல்லை, அன்றும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி விஷயத்தை மூடியிருப்பேன்.

நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தே செய்தேன் என்பது உனக்குப் புரியும். ஐந்தரை வருஷம் நம் வீட்டிலிருந்து சோற்று டப்பா கட்டிக்கொண்டு போய் நீ ஏரிப் பாசியை ஆராய்ச்சி செய்தாய். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் முதல் பேச்சே உன் கைடு சாரைப் பற்றித்தான். மனுஷர் வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று யாரையும் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கன்னட வார்த்தைதான் என்று சிரிப்பாய். பரவாகில்லா. நம் பரவாயில்லைதான் அது. சார் வெறுமனே 'பரவாகில்லா' என்றால், கிடக்கட்டும் விடு, போய் வேறு வேலையைப் பார் என்று அர்த்தம். அதையே புருவத்தைத் தூக்கி, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து 'பரவாகில்வல்லா!' என்றால் அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு. நாம் சொல்கிற 'பரவாயில்லையே!' மாதிரி. இருக்கிற ஒரே வார்த்தையில் திட்டும் பாராட்டும் வைத்திருக்கிறாரே, சிக்கனமான ஆள்தான் என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

உனக்கு அந்த 'வல்லா' வரவே இல்லை. உன்னோடு சேர்ந்தவர்கள் ஒருவர் இருவருக்கு வந்தது. அவர்கள் கொடுத்த மைசூர்பாகை நீ பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்திருக்கிறாய். கடைசியில் வைவா நடந்த அன்று நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். டாக்டர் பட்டத்தோடு வரப்போகிறவள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்தாய், செருப்பைக் கழற்றினாய், "சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "ஆய்த்துன்னார்" என்றாய். முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். பிறகு குளியலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாய். தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாய். எனக்குக் கேட்டது மேகலா.

இன்னொன்றும் ஞாபகப்படுத்த வேண்டும். என் நீலப்பூப் புடவை. பொங்கலுக்கு எடுத்த மெல்லிய வாயில் காட்டன் புடவை. ஒரே ஒரு தரம்தான் கட்டினேன், துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் வட்ட வட்டமாக வெட்டி வைத்திருக்கிறாய். தயிர் வாளியின் அடியை அறுத்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அந்தத் துணியை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, நாலு மடிப்பு என்று கட்டி, ஏதோ அடுக்குச் சல்லடை செய்து வைத்திருந்தாய். கடையில் வாங்குகிற நைலான் வலை பாசியை உடைத்துவிடுகிறது, துணி மெத்தென்று இருப்பதால் உடையாமல் அளவு வாரியாகப் பிரிகிறது என்று பாடம் நடத்தினாய். எனக்கு அது எங்கே காதில் ஏறியது? "இத்தனை வருஷம் படிச்சு என்னத்தடீ கிழிச்ச, என் புடவையைத் தவிர?" என்று கேட்டேன். நீ வெட்டின துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாய். அன்றைக்கு நல்ல சாமர்த்தியமான பேச்சு என்று எனக்கே பெருமையாக இருந்தது. உன் அத்தைக்குக்கூட போன் செய்து சொல்லிச் சிரித்தேன். அந்த வாயைத்தான் இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். அவரைக்காய் சீசன். நானும் உங்கப்பாவும் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸுக்குப் போயிருந்தோம். நடைபாதை முழுக்கக் குவியல் குவியலாக அவரைக்காய், அந்தப் பிசுபிசுப்பும் வாசனையும் தெரு முழுக்க. கன்னடத்துக்காரர்கள் அதைச் சொகடு என்பார்கள். நீ அதை முகர்ந்து பார்த்துத்தான் காய் வாங்குவாய். நீ இல்லாவிட்டாலும் நான் உன் மாதிரியே முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணிப்பையோடு ஒரு பெரியவர் அதே குவியலில் கையை விட்டார். உன் சார். ரிடையர் ஆன பிறகு இளைத்துவிட்டார். அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மேகலா தாயி அல்வா? சென்னாகிதீரா?" என்றார். மேகலாவின் அம்மாதானே, நன்றாக இருக்கிறீர்களா என்று. நானும் கன்னடத்திலேயே நன்றாக இருக்கிறோம் சார், அவள் நெதர்லாந்தில் இருக்கிறாள் என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். பிறகு பையைக் கீழே வைத்தார். பேச வேண்டும் என்றால் பையைக் கீழே வைக்கிற ஆள் போலிருக்கிறது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போன வாரம் பழைய லேபுக்குப் போனாராம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்களாம். ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து, "மேகலா ஜரடி தகொண்டு பா" என்றாளாம். மேகலா சல்லடையை எடுத்துக்கொண்டு வா என்று. சார் அவளிடம் மேகலா என்றால் யார் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் விழித்தாளாம். அது சல்லடையோட பேர்தானே சார் என்றாளாம். தார்வாடிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் அங்கே அதே பேரைத்தான் சொல்கிறார்கள் என்றதாம். சொல்லும்போதே சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவரிகெ மேகலா யாரு அந்தானே கொத்தில்லா" என்று இரண்டு தரம் சொன்னார். மேகலா யார் என்றே அவர்களுக்குத் தெரியாது, ஆனால் மேகலா இல்லாமல் ஒருத்தரும் ஏரிக்குப் போவதில்லை. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு, கிளம்புகிற மாதிரித் திரும்பி, புருவத்தைத் தூக்கி, "ரீ, நிம்ம மகளு பரவாகில்வல்லா!" என்றார். உங்கள் மகள் என்று உன்னைத்தான் சொன்னார், நடுத்தெருவில், அவரைக்காய்க் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டு. இழுப்பு அவ்வளவு நீளம். காய் விற்கிறவள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். உங்கப்பா கடைக்குப் போயிருந்தார். சாரைப் பார்த்தேன் என்று நானே ஆரம்பித்தேன். உன் குரல் மாறியது. "ஏதாவது சொன்னாராம்மா?" என்றாய். அந்தச் சமயத்தில் உன் கட்டுரை மூன்றாவது தரமும் திரும்பி வந்திருந்தது. இங்கே வாத்தியார் வேலைக்குக் கொடுத்த இரண்டு இன்டர்வியூவும் கைவிட்டிருந்தன. நான் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அப்போது உன் பின்னால் கதவு மணி அடித்தது, யாரோ அந்த ஊர் பாஷையில் உன்னைக் கூப்பிட்டார்கள், நீயும் அந்த பாஷையிலேயே பதில் சொன்னாய். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் பிள்ளை எனக்குப் புரியாத பாஷையில் சிரிக்கிறாள். இதையும் சொன்னால் இவள் வரவே மாட்டாள் என்று தோன்றியது. "ஒண்ணும் பெருசா சொல்லல. பரவாயில்லன்னார்" என்றேன். சல்லடையைச் சொல்லவில்லை. 'வல்லா'வைச் சொல்லவில்லை. தமிழில் ஒரே ஒரு எழுத்து, 'யே'. அதை விழுங்கினேன். நீ "சரிம்மா" என்றாய். வைவா அன்றைக்குப் பைப்பைத் திறந்துவிட்டாயே, அந்த மாதிரி ஒரு சரிம்மா.

பொய் சொல்லவில்லையே, அவர் சொன்ன வார்த்தையைத்தானே சொன்னேன் என்று இரண்டு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வேறு யாராவது இப்படிச் சமாதானம் சொன்னால் விடுவேனா? நான் யார்? ஹெப்பகோடியில் அந்த சுவிட்ச் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங்கில் உட்கார்ந்தவள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போய், எதிரே மூன்று தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். தேறினால் பச்சை, திரும்பச் செய்ய வேண்டியது மஞ்சள், கழிவு சிவப்பு. சூப்பர்வைசர் பின்னால் நின்று அவசரப்படுத்துவார், லாரி வெளியே நிற்கும். ஒரு நாளும் கெட்ட பீஸைப் பச்சையில் போட்டதில்லை. அதைவிட, நல்ல பீஸை மஞ்சளில் போட்டதில்லை. அது செய்தவளுக்குச் செய்கிற துரோகம் என்று புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லுவேன். சொன்னவள் பெற்ற பிள்ளையின் பீஸை எடுத்து மஞ்சளில் வைத்தேன்.

அந்தத் தட்டுகளால் நான் முன்பும் ஒரு தரம் உன்னிடம் அசடு வழிந்திருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும். உன் முதல் கட்டுரை. "ரிவிஷன் வந்திருக்கும்மா, நிறைய மாத்தச் சொல்றாங்க" என்றாய். மஞ்சள் தட்டு என்று நினைத்துவிட்டேன். உனக்குப் பிடித்த அவரைக்காய்ப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவி, போகட்டும் கண்ணு, எல்லாருக்கும் எல்லாம் வராது என்று ஆறுதல் சொன்னேன். நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா, வேணாம்னு நினைச்சா ஒரே வரில போன்னு அனுப்பிடுவாங்கம்மா. மூணு பேர் உக்காந்து பக்கம் பக்கமா குத்தம் எழுதி இருக்காங்கன்னா, வேணும்னு அர்த்தம்" என்றாய். அன்றைக்குத்தான் உன் தொழிலில் என் தட்டுகள் உதவாது என்று தெரிந்தது. அதற்கப்புறம் நான் தட்டின் நிறத்தைத் தேடுவதை விட்டுவிட்டு உன்னையே கவனிக்க ஆரம்பித்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திட்டு. முதல் இரண்டு வருஷம் நீ வீட்டுக்கு வந்து "இன்னிக்கும் வேலை செய்யலம்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாய். இப்போதும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறாய். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு 'ஆனா' வருகிறது. "வேலை செய்யலம்மா, ஆனா ஏன்னு கேட்டா நீ சிரிப்ப" என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் எனக்குப் புரியாத பாசியைப் பற்றிப் பேசுகிறாய். எங்கள் லைனிலும் அப்படித்தான். கெட்டுப்போன பீஸைப் பார்த்ததும் அழுகிறவள் ஒரு ரகம், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்கே போயிற்று என்று பார்க்கிறவள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தைத்தான் நான் லைன் லீடர் ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். அந்த 'ஆனா' உனக்கு எப்போது வந்தது என்று நீயே யோசித்துப் பார். உன் சர்டிபிகேட்டில் அது இருக்காது.

அப்புறம் அந்த "ஒரு நிமிஷம்மா". ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று இருக்கிற ஒரு மணி நேரத்தில் மூன்று தரம் மணி அடிக்கிறது, "ஒரு நிமிஷம்மா, யாரோ கேக்கறாங்க" என்று போய்விடுகிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சந்தேகம் கேட்க இந்த லேப் பிள்ளைகளுக்கெல்லாம் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று உங்கப்பாவிடம் எரிந்து விழுவேன். இப்போதுதான் உறைக்கிறது. வேறு ஆள் இருக்கிறார்கள். இருந்தும் முதலில் உன்னிடம் வருகிறார்கள். என் சக்களத்திகள் மாதிரி நான் திட்டிக்கொண்டிருந்த அந்த மணிச் சத்தம்தான் உன் பச்சைத் தட்டு. போன வருஷம் ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு பெரிய மனுஷர் எழுந்து, எல்லார் எதிரிலும் நீ சொல்வது தப்பு என்று பத்து நிமிஷம் பேசினார் என்று அழுதாயே. அடுத்த மாதம் அதே ஆள் உன்னிடம் ஏரித் தண்ணீர் சாம்பிள் கேட்டு எழுதினார் என்று போகிற போக்கில் சொன்னாய். சொல்லிவிட்டு, சாம்பார் எப்படி வைப்பது என்று கேட்டாய். அடிப்பாவி, எதைப் பெரிதாகச் சொல்வது, எதைச் சிறிதாகச் சொல்வது என்றே உனக்குத் தெரியவில்லை. சிவப்புத் தட்டில் கிடக்கிற பீஸோடு யாராவது பத்து நிமிஷம் மல்லுக்கட்டுவார்களா?

உன்னோடு படித்தவர்கள் சிலர் வாத்தியார் ஆகிவிட்டார்கள், பெயர்ப் பலகை மாட்டிய அறை வாங்கிவிட்டார்கள். நீ அதைப் பார்த்துத்தான் உனக்கு வராது என்கிறாய். எனக்கும் அந்தப் பலகை ஆசை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். இங்கேயே, நம் ஊரிலேயே, நான் டப்பா கட்டிக் கொடுக்கிற தூரத்திலேயே ஒரு கதவில் உன் பெயர் இருக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் பஸ்ஸில் உட்கார்ந்து கனவு கண்டிருக்கிறேன். ஆனால் கதவில் இருக்கிற பெயரை ஆள் மாறினால் கழற்றிவிடுவார்கள். உன்னை முன்னே பின்னே பார்த்திராத ஒரு பெண், அவசரத்தில், யோசிக்காமல், ஏரிக்குக் கிளம்புகிற வேகத்தில் உன் பெயரைச் சொல்லிச் சல்லடை கேட்கிறாள். அதை யார் வந்து கழற்றுவது? என் நீலப்பூப் புடவை தார்வாடு வரைக்கும் போயிருக்கிறது. நான் போனதில்லை.

இப்போது உன் முடிவு. அந்தக் கம்பெனி வேலையை நான் மட்டமாகச் சொல்லவே மாட்டேன். கம்பெனிச் சோற்றில் வளர்ந்தவள் நீ. தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்வது பத்துப் பேருக்கு உபயோகமான வேலை, காலையில் போய்ச் சாயங்காலம் வரலாம், ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். வேண்டும் என்று ஆசைப்பட்டு நீ வந்தால் நான் தெருவையே கூட்டுவேன். ஆனால் எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டு வராதே. அது நான் தப்பாகப் போட்ட தட்டு. அதை நம்பி நீ வந்தால், எதிரே உட்கார்ந்து நீ சாப்பிடுவதைப் பார்க்கும் ஒவ்வொரு வேளையும் எனக்கு அந்த 'யே' தொண்டையில் நிற்கும். உன்னை ஏமாற்றி வரவழைத்து வைத்துக்கொண்டு, பெற்ற சந்தோஷம் என்று அதை எப்படி நான் அனுபவிப்பது? சார் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு. அவரிடமே கேட்க வேண்டும் என்றால் எட்டாவது கிராஸில் நின்று நானே பிடித்துத் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டு, எனக்கு வெட்கமில்லை. உன் கூட அங்கே குளிரில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டு. போனில் அம்மா சொன்னதை வைத்துத் தன்னை எடை போட வேண்டாம் என்று சொல். அவர்கள் அம்மாக்களும் எதையாவது விழுங்கியிருப்பார்கள். ஏக்கம் பிடித்த மனுஷியிடம் தராசைக் கொடுக்கக் கூடாது. நீ போன் செய்யும்போது, "அம்மா, கொஞ்சம் போனை ஜன்னல்ல வைம்மா, ஸ்டேஷன் சத்தம் கேக்கணும்" என்பாயே. நானும் வைப்பேன். பிளாட்பாரத்து அறிவிப்பு, வண்டி போகிற சத்தம் எல்லாம் நீ கேட்டுக்கொண்டிருப்பாய். இந்தப் பக்கம் நான் நின்று நீ மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சமயத்தில் என்னை யார் எது கேட்டாலும் உன்னை வரவழைக்கிற பதிலைத்தான் சொல்லுவேன்.

ஜனவரியில் வாங்கின அவரைக்காயை உரித்து, ஊறவைத்து, பிதுக்கி, நாலு டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்திருந்தேன். நீ வந்தால் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று. உங்கப்பா இரண்டு தரம் கேட்டும் கொடுக்கவில்லை. நேற்று மூன்று டப்பாவை எடுத்துக் குழம்பு வைத்துவிட்டேன். உன்னைப் பிடித்து இழுக்க வைத்திருந்த தூண்டில் வீட்டில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன், கட்டில் விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். உங்கப்பா இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றி, ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றார். வேண்டும் என்றேதான் சொன்னார், கள்ள மனுஷர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரை ஏறிவிட்டது. நாலாவது டப்பாவை மட்டும் எடுக்கவில்லை. நான் அவ்வளவு பெரிய தியாகியெல்லாம் இல்லை.

ஆக, சார் சொன்னது இது: மேகலா பரவாயில்லையே! அதில் ஒரு எழுத்தும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள். இனி நீ யோசித்துக்கொள். வெள்ளிக்கிழமை என்ன முடிவு செய்தாலும் முதலில் எனக்குச் சொல். நீ வரவில்லை, அங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றால், கட்டில் மேல் அரிசி மூட்டையை உங்கப்பாவை விட்டு ஏற்றிக்கொள்கிறேன். என்னைப் பற்றி நீ யோசிக்காதே. எனக்குப் பரவாயில்லை.

இந்தப் பரவாயில்லையில் 'யே' கிடையாது, கண்ணு.

உன் அம்மா